பத்து வயதுக்கு மேல் பெரியவர்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
சமையலறை மேசையில் பழைய மின்கட்டண உறை.
அதன் முதுகில்
ஃபுளோரிடா வெயிலைக்
கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

பூங்காவுக்குப் போய்ச் சேரும் முன்பே
சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடலாமாம்.
ஆளுக்கு, நாளுக்கு,
உட்கார்ந்து உண்ண ஒரு வேளை
நின்றபடி உண்ண ஒரு வேளை
கொறிக்க ஒன்று
எத்தனை முறையும் நிரப்பிக்கொள்ள ஒரு குவளை.
பெரியவருக்கு எண்பத்தெட்டு டாலர்
சிறியவருக்கு இருபத்தொன்பது.
பத்து நிறைந்தால் பெரியவர்.

எமெட்டுக்குப் பத்து நிறைவது
பயணத்தின் மூன்றாம் நாள்.

அவனைப் பெரியவனாக எண்ணினால்
ஐந்து நாளுக்கு
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து கூடுதல்.
தின்பதோ வெறும் உருளை வறுவல்.
அதிலும் கறுத்த நுனியைக் கிள்ளித்
தட்டோரம் அடுக்கிவைக்கிற பிள்ளை.

தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி
பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு
ஒரு பெண் வந்தாள்.
"வந்து இறங்கும் நாளில் என்ன வயதோ
அதுதான் மேடம் கணக்கு."
அப்பாடா என்றேன், சத்தமாகவே.
படியில் எமெட் நின்றதைப் பார்க்கவில்லை.

"அப்போ மூணாம் நாளும் எனக்கு ஒன்பதா?"
அவங்க கணக்குல.
"நாலாம் நாளும்?"
சாப்பாட்டுக்கு மட்டும்டா.
யோசித்தான்.
"ரோலர் கோஸ்டர்ல பத்துன்னுதான் சொல்லுவேன்."
அங்கே வயதைக் கேட்கமாட்டார்கள்,
கோல் வைத்து உயரம் பார்ப்பார்கள் என்பதை
அவனிடம் சொல்லவில்லை.

பியர்லுக்கு ஆறு வயது.
கரடி வேஷக்காரரோடு காலை உணவு வேண்டும்.
அதற்கு இரண்டு வேளை கழியும்.
எதிர்வீட்டு மாரிட்
வேண்டவே வேண்டாம் என்கிறாள்.
போன வருஷம் கடைசி இரவில்
மிஞ்சிய பதினோரு கொறிப்புகளை விட மனமில்லாமல்
பிஸ்கட்டாகவே வாங்கிப்
பெட்டியில் திணித்து வந்தார்களாம்.
ஏப்ரல் வரை தின்றார்களாம்.
பசி வேலையாகிப் போச்சு ரோவீனா,
விழுங்கி விழுங்கிக் கடனை அடைச்சோம் என்றாள்.

அதனால் நேர்மையாகக் கணக்குப் போட்டேன்.
திட்டத்துக்கு ஆயிரத்து நூற்று எழுபது.
வேளாவேளைக்கு வாங்கித் தின்றால்
ஆயிரத்து நூற்று ஒன்பது.
அறுபத்தொரு டாலர் நஷ்டம்.
முடிந்தது.
பென்சிலைக் கீழே வைத்தேன்.

வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது
டெஸ்மண்டின் வரிசை.
மதியத்துக்கு நேரே ஐந்து நாளும்
சுழியம், சுழியம், சுழியம்,
சுழியம், சுழியம்.
நான் போட்டதுதான்.
போடும்போது யோசிக்கவே இல்லை.

போன கோடையில் சந்தைக்குப் போனோம்.
விலைப்பலகை முன்னால்
பின்கழுத்தைத் தேய்த்தபடி நின்றான்.
எனக்குப் பசியில்லை, நீங்க சாப்பிடுங்க.
பிறகு பியர்ல் கடித்து வைத்த ரொட்டியோரம்,
எமெட் ஒதுக்கிய கறுத்த நுனிகள்.
வீணாகுதே, அதான், என்றான்.
பதினோரு வருஷமாக
அவன் மதியச் சாப்பாடு அதான்.

அறுபத்தொன்றை ஐந்தால் வகுத்தேன்.
பன்னிரண்டு டாலர் இருபது சென்ட்.
ஒரு தட்டின் விலை.

முன்கூட்டியே காசு கட்டிவிட்ட தட்டின் முன்னால்
பசியில்லை என்று சொல்ல முடியாது.
வீணாகுதே என்று
அவன் வாயாலேயே சொல்லிச்
சாப்பிட்டாக வேண்டும்.

பொத்தானை அழுத்தினேன்.

இந்தப் பணமே அவன் தள்ளிய பனிதான்.
இந்தக் குளிரில் ஒவ்வொரு புயலும்
ஒருவர் டிக்கெட்.
விடியற்காலை நாலு மணிக்குப்
பனிவண்டியை நிறுத்திவிட்டு வந்தான்,
புருவத்தில் ஈரத்தோடு.
வாங்கிட்டேன் என்றேன்.
"கட்டுப்படியாகுதா?"
ஆகுது.

ஐஸ்பெட்டியைத் திறந்தான்.
பியர்ல் பாதி கடித்து வைத்திருந்த சாண்ட்விச்சை எடுத்து
ஒரு கை உறையைக்கூடக் கழற்றாமல்
நின்றபடியே தின்றான்.